சேர்வராயன் பாறைத் தடங்களில் ஜியோகேச்சிங்: வனத்துறைக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலையின் ஒற்றையடித் தடங்களில், பாறை இடுக்குகளில் ஒளித்து வைத்த பெட்டிகளைக் கல்லூரி மாணவர்கள் ஜி.பி.எஸ். உதவியுடன் தேடிச் செல்வது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியையும், இதை உடனே தடை செய்ய வேண்டும் என்று வாசகர் ஒருவர் அதற்கு எழுதிய கடிதத்தையும் படித்தேன். புவியியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன், நெடுங்காலமாக இந்த மலையில் நடந்து வருபவன் என்ற இரு நிலைகளிலும் இது பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். ஜியோகேச்சிங் என்னும் இந்தத் தேடலுக்குத் தடை தேவையில்லை. ஆனால் நம் மலையின் பாறைத் தடங்களில் பெட்டி வைப்பதை நிறுத்த வேண்டும். பெட்டியே இல்லாமல் நடக்கும் இதன் இன்னொரு வகையை வனத்துறை முன்னின்று இங்கே வளர்க்க வேண்டும்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். பொதுமக்கள் பயன்படுத்தும் ஜி.பி.எஸ். அலைகளில் வேண்டுமென்றே புகுத்தி வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் அளவுக்குக்கூடத் தவறிக் காட்டிய கருவிகள் ஒரே இரவில் பன்மடங்கு துல்லியம் பெற்றன. அந்தத் துல்லியத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பிய டேவ் உல்மர் என்பவர், மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். சில நாட்களிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் இத்தகைய மறைவிடங்கள் முப்பது லட்சத்துக்கும் மேல் உள்ளன. இதற்கு முன்னோடி என்று சொல்லத்தக்க ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் பூல் என்ற இடத்தில், 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு புட்டியை வைத்தார்; அங்கு நடந்து சென்றவர்கள் தம் பெயர்ச் சீட்டுகளை அதில் இட்டுவிட்டுத் திரும்பினார்கள். கடினமான நிலத்தில் நடந்து போய் ஓர் அடையாளத்தை விட்டு வரும் ஆசை மனிதர்களுக்கு இயல்பானது. கைப்பேசியிலேயே மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் பிள்ளைகளை, அதே கைப்பேசி வெயிலிலும் பனியிலும் மலையேற வைக்கிறது என்றால் ஆசிரியனாக இருந்த எனக்கு அது மகிழ்ச்சியே.

பெட்டிதான் என் கவலை. பிற நாடுகளின் பூங்காக்களிலும் நகரத் தெருக்களிலும் பொருந்தும் ஏற்பாடு நம்முடைய பாறை மலைக்கு ஏன் பொருந்தாது என்பதை முதலில் விளக்க வேண்டும்.

திறந்த வெளியில் நல்ல கைப்பேசி மூன்று முதல் ஐந்து மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டும். செங்குத்தான பாறைச் சுவரை ஒட்டி நிற்கும்போது நிலைமை வேறு. வானத்தின் பாதியைப் பாறையே மறைத்துவிடுவதால் கருவிக்கு எட்டும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை குறைகிறது. எட்டும் அலைகளிலும் சில நேராக வராமல் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வருகின்றன. அவை கடந்த தொலைவு கூடுவதால் கணக்கு பிசகி, பிழை இருபது மீட்டரையும் தாண்டலாம். சமவெளியில் இருபது மீட்டர் பிழை என்றால் பக்கத்துப் புதரில் தேடினால் போதும். சரிவிலோ அது தடத்தின் மேற்புறமாகவும் இருக்கலாம், தடத்துக்குக் கீழே காலூன்ற இடமில்லாத விளிம்பாகவும் இருக்கலாம். பெட்டியை வைத்தவர் தடத்தின் மேல் நின்று எட்டிவிடும் இடுக்கில்தான் வைத்திருப்பார். தேடுபவர், திரையில் தெரியும் புள்ளியை நம்பி, விளிம்பில் இறங்கிக் கை விட்டுத் துழாவுவார். துழாவும் கை போய்ச் சேரும் இடம் எது என்பதை மலையில் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் விரியனும் தேளும் ஒதுங்குவது அதே இடுக்குகளில்தான். பாறை முகப்பில் மலைத்தேனீ அடை கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கும் பழக்கம், தரையையே உற்றுத் தேடுபவருக்கு வராது.

ஒவ்வொரு மறைவிடத்துக்கும் தேடுவதன் கடினத்துக்கு ஓர் அளவு, நிலத்தின் கடினத்துக்கு ஓர் அளவு என்று ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நட்சத்திரம் பெட்டி வைத்தவர் போன நாளின் நிலத்துக்கு உரியது. தை மாதத்து உலர்ந்த பாறையில் நடந்து இரண்டரை நட்சத்திரம் என்று குறித்த தடத்தில், வடகிழக்குப் பருவமழை இறங்கிய ஐப்பசியில் பாசி படர்ந்து, செருப்போ ஷூவோ எதுவும் பிடிக்காமல் வழுக்கும். மாசிக்குப் பின் சருகு காய்ந்துவிட்டால் தீயின் அச்சம் வந்து சேரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. மலையேற்றத்துக்குத் தமிழக அரசு அதே ஆண்டில் விதிமுறைகளை வகுத்ததற்கும் அந்தத் துயரமே காரணம். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி எப்போதுமே குற்றம்தான். திரையில் தெரியும் புள்ளிக்குப் பின்னால் போகிறவருக்குக் காப்புக்காட்டின் எல்லைக்கல் கண்ணில் படுமா என்பதே ஐயம்.

அத்தகைய பெட்டி ஒன்றைக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூருக்கு ஏறும் வழியில் நானே பார்த்தேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே செருகி, மேலே ஒரு தட்டைக்கல்லை வைத்து மூடியிருந்தார்கள். கறுப்பு டேப் சுற்றிய சாதாரணச் சாப்பாட்டு டப்பா. மூடியின் ஒரு மூலையைக் குரங்கு கடித்துப் பிய்த்திருந்தது. உள்ளே, கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதுவதற்காகப் பாலித்தீன் உறைக்குள் வைத்திருந்த சிறு நோட்டு மழையில் ஊறி, எழுதிய பெயர்கள் எல்லாம் நீலக் கறையாகிவிட்டன. ஒரு சாவிக்கொத்து, ஒரு துருப்பிடித்த பேட்ஜ், எறும்பு மொய்த்த மிட்டாய் உறைகள். உணவுப் பொருள் வைக்கக் கூடாது என்பது அந்த விளையாட்டின் சொந்த விதி. அதை வைத்ததால்தான் குரங்கு வந்தது. பக்கத்து இடுக்கில் முழுசாக ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. அந்த இடத்தைச் சுற்றி நாலைந்து அடி தூரத்துக்குக் கற்கள் புரட்டப்பட்டு, அடிப்பக்கத்து ஈரமண் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. தேடி வந்த ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்குச் சில கற்களைப் புரட்டியிருக்கிறார்கள். ஒரு கல்லின் அடியில் பூரானும் தவளையும் நத்தையும் குடியிருக்கின்றன. புரட்டிய கல்லை யாரும் பழையபடி வைப்பதில்லை.

பெட்டியை வைத்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் நல்ல நோக்கத்துடன் செய்திருக்கிறார்கள். ஆனால் பெட்டி வைத்தவரே அதை அவ்வப்போது போய்ப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பது விதி. சேலத்தில் நான்கு ஆண்டுகள் படித்துவிட்டுப் பெங்களூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விடும் மாணவர் அதை எப்படிச் செய்வார்? நிலத்துக்கு உரியவரின் அனுமதி பெற வேண்டும் என்பதும் விதி. இந்த மலையின் தடங்களில் பல, காப்புக்காட்டையும் தனியார் காப்பித் தோட்டங்களையும் இம்மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் ஊர்களையும் மாறி மாறிக் கடக்கின்றன. எந்தப் பாறை யாருடையது என்பதைத் தொலைவில் அமர்ந்து மறைவிடங்களின் இணையப் பட்டியலைச் சரிபார்க்கும் தன்னார்வலர் அறிய வழியில்லை.

நான் மிகவும் அஞ்சுவது இன்னொன்றைப் பற்றி. வாசகர்களில் பலர் இதை அறிந்திருக்க மாட்டார்கள் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்தைச் சேர்ந்த வழவழப்பான கற்கோடாரிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. நிலத்தை உழும்போதும் மழை அரித்த மண்ணிலும் அவற்றைக் கண்டெடுத்த மலையாளி மக்கள், மரத்தடிகளிலும் சிறு கோயில்களிலும் சேர்த்து வைத்துச் சாமியாகவே வணங்கி வந்திருக்கிறார்கள். உள்ளங்கை அளவுள்ள, ஒரு முனை கூராகவும் மறுமுனை மழுங்கியும் இருக்கும் அந்தக் கற்கள், அறியாதவர் கண்ணுக்கு வெறும் கூழாங்கற்களாகவே தெரியும். 'இயற்கைக்கு மாறாக அடுக்கி வைத்த கற்களைக் கண்டால் அங்கே தேடு' என்பது பெட்டி தேடுபவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தரும் முதல் பாடம். இந்த மலையில் இயற்கைக்கு மாறாக அடுக்கி வைத்த கற்கள் என்றால், அது ஓர் ஊரின் தெய்வமாக இருக்கலாம், முன்னோர் ஒருவரின் நினைவிடமாக இருக்கலாம், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தேய்த்துத் தீட்டிய கருவியாகவும் இருக்கலாம். விளையாட்டுக்காக அதைக் கலைப்பது அந்த மக்களை அவமதிப்பதாகும். அங்கிருந்து ஒரு கல்லை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டால், அது எந்த இடத்தில் எந்த மண்ணில் இருந்தது என்ற செய்தி என்றென்றைக்கும் அழிந்துபோகும்.

பெட்டி இல்லாமல் இதை எப்படி ஆடுவது என்று மாணவர்கள் கேட்பார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கு வழி இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் கழகத்தின் முயற்சியால் 2004இல் எர்த்கேச் என்ற வகை தொடங்கியது. முதலாவது ஆஸ்திரேலியாவின் முர்ராமராங் தேசியப் பூங்காவில் அமைந்தது. இதில் எதையும் ஒளித்து வைப்பதில்லை. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ மண்ணையோ நீரோட்டத்தையோ உற்று நோக்கி, அந்த இடத்தில் நின்று பார்த்தால் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். பதில் சரியாக இருந்தால் போய் வந்தது கணக்கில் சேரும். புள்ளி இருபது மீட்டர் தவறினாலும் கேடில்லை, ஏனென்றால் துழாவ வேண்டிய இடுக்கே இல்லை. பெட்டிகளை அனுமதிக்காத அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் பலவற்றில்கூட, நிர்வாகத்தின் ஒப்புதலுடன் இந்த வகை நடைபெறுகிறது.

இதற்குச் சேர்வராயன் மலையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த மலையின் உடல் சார்னோகைட் என்னும் பாறையால் ஆனது. பரங்கிமலையில் கிடைக்கும் இதே வகைப் பாறையை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லும் அதே பாறை என்பதால் அந்தப் பெயரை இட்டார். நிலத்தின் அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான பாறை இன்று 1,600 மீட்டர் உயரத்தில் வெயில் காய்கிறது. புதிதாக உடைந்த முகத்தைப் பார்த்தால் எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்பும் சாம்பல் கலந்த நீலநிறமும் தெரியும். அதே பாறையின் வெளிப்புறம் பழுப்பேறி, வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காக உரிந்து வரும். அந்தப் பழுப்புத் தோல் எத்தனை விரல் தடிமன் என்று அளந்து எழுதுக என்ற ஒரே கேள்வி போதும். விடை எழுதும் மாணவர், மழையும் வெயிலும் ஒரு மலையை எப்படித் தின்கின்றன என்பதை வகுப்பறையில் நான் சொல்லித் தந்ததைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்.

மேட்டுப் பகுதிக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே காலடியில் கிடப்பது துளை துளையான செந்நிறக் கல். நீண்ட காலம் பெய்த மழை, பாறையிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, அலுமினியமும் இரும்பும் எஞ்சி நின்றதால் உண்டான பாக்சைட் என்னும் அலுமினியத் தாது அது. சரிவில் கிடைக்காத அந்தக் கல் சமதளமான உச்சிகளில் மட்டும் ஏன் கிடைக்கிறது என்று கேட்டால், தண்ணீர் ஓடிவிடும் இடத்துக்கும் தேங்கி இறங்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே கண்டு சொல்வார்கள். ஏற்காட்டின் லேடீஸ் சீட் என்னும் காட்சிமுனையில் நின்று கீழே பார்த்தால் மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று மேக்னசைட் சுரங்கக் குவியல்கள் தெரியும். மேலே செந்நிறம், நடுவே கருநீலம், அடியில் வெண்மை என்று மூன்று வேறு வரலாறுகளை ஒரே நாள் நடையில் பார்த்துவிடலாம். இதற்காக யாரும் விளிம்பில் தொங்க வேண்டியதில்லை. லேடீஸ் சீட் வரை முதியவர்களும் குழந்தைகளும் வரலாம்.

இந்திய வரலாற்றுக்கு முந்தைய கால ஆய்வின் தந்தை என்று போற்றப்படும் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர், தம் பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1912இல் மறைந்த அவருடைய நினைவிடம் ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. நிலவியல் துறையில் பணியாற்றிய அவர் பாறையைப் படித்த கண்ணால்தான் கற்கருவியையும் இனங்கண்டார். ஏற்காட்டுக்கு ஆண்டுதோறும் வரும் லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தேவாலய நிர்வாகம் இசைந்தால், அங்கிருந்தே தேடலின் முதல் கேள்வியைத் தொடங்கலாம்.

இனி என் வேண்டுகோள்களைச் சொல்கிறேன். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 தடங்கள் முறைப்படுத்தப்பட்டு, வழிகாட்டியுடன் முன்பதிவு செய்து நடக்கும் ஏற்பாடு உள்ளது; அவற்றில் சேலம் மாவட்டத் தடங்களும் அடங்கும். இந்தத் திட்டத்துக்குள்ளேயே பெட்டியில்லாத் தேடலையும் சேர்த்துவிட்டால் புதிதாக ஒரு துறையோ நிதியோ தேவைப்படாது. வழிகாட்டிகளாகப் பணிபுரியும் உள்ளூர் இளைஞர்களை அழைத்து, எந்தப் பாறையருகே நிற்கலாம், எந்த இடத்தை விலகிப் போக வேண்டும் என்பதை அவர்களையே முடிவு செய்யச் சொல்ல வேண்டும். கோயில் கற்கள் உள்ள இடங்களைப் பட்டியலிட்டு வெளியிடக் கூடாது. வெளியிட்டால் அதுவே களவுக்கு வழிகாட்டிவிடும். ஊர்ப் பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்லும் பகுதியில் கேள்வியே அமைக்காமல் விட்டுவிடுவதுதான் முறை. தடத்தின் நிலை மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறுவதால், நட்சத்திர அளவை ஆண்டுக்கு ஒருமுறை என்றில்லாமல் பருவத்துக்குப் பருவம் மாற்றி எழுதவும், தீ அபாயமுள்ள மாதங்களில் தேடலை நிறுத்தி வைக்கவும் வனத்துறைக்கு அதிகாரம் இருக்க வேண்டும்.

மாணவர்களிடம் கேட்பது ஒன்றுதான். இப்போது மலையில் வைத்திருக்கும் பெட்டிகளை, இருக்கும் இடம் தெரிந்தவர்களே போய் எடுத்துவந்து, இணையப் பட்டியலிலிருந்தும் நீக்கிவிடுங்கள். புரட்டிய கற்களைத் திரும்பப் பொருத்தி வையுங்கள். காணும் குப்பையைக் கையோடு கீழே கொண்டுவரும் வழக்கம் 2002 முதலே இந்த விளையாட்டின் ஓர் அங்கமாக இருக்கிறது. அதை மட்டும் விடாமல் தொடருங்கள், கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. பெட்டி வைத்தே தீர வேண்டும் என்ற ஆர்வம் உள்ளவர்கள், ஏற்காடு ஊருக்குள் ஒரு தேநீர்க் கடையிலோ தோட்ட அலுவலகத்திலோ உரிமையாளரிடம் கேட்டு, பெயர் எழுதி ஒட்டி, எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கட்டும். கேட்பாரற்ற பெட்டியைக் கண்டு பதறிக் காவல்துறையை அழைக்கும் நிலை வரக் கூடாது. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் அப்படி ஒரு சின்னப் பெட்டியை வெடிகுண்டு என்று கருதித் தெருவை மூடி வெடிக்கச் செய்தார்கள்.

கோடை விழாவுக்குக் கூட்டம் கூடும் முன், அடிவாரச் சோதனைச் சாவடியிலும் ஏற்காடு பேருந்து நிலையத்திலும் இது குறித்துத் தமிழில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தால் நன்றாக இருக்கும். நான் மேலே சொன்ன இடங்களுக்கெல்லாம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி, கேள்விகளைத் தமிழில் எழுதித் தரச் சன்மானம் எதுவும் எதிர்பாராமல் நான் அணியமாக இருக்கிறேன். வனத்துறை அலுவலரோ கல்லூரி ஆசிரியர்களோ இதில் ஆர்வம் காட்டினால், தங்கள் நாளிதழ் அலுவலகத்தின் வழியாக எனக்குத் தகவல் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.